கண்மாயில் போட்ட அகப்பை

கண்மாய்க் கரையை ஒட்டிய கருவேலங்காட்டில் ஒரு முயலும், ஒரு முள்ளம்பன்றியும், ஒரு பெருச்சாளியும் கூட்டாகச் சர்க்கரைவள்ளித் தோட்டம் வைத்திருந்தன. யாரோ மனிதர் கொடி நட்டு, மழை பொய்த்ததும் விட்டுப்போன தோட்டம் அது. கேட்பாரில்லை. அதனால் கேட்காமலே எடுத்துக்கொண்டன.

முயலின் பெயர் துள்ளான். முள்ளம்பன்றி முள்ளையன். பெருச்சாளி மண்ணாத்தா.

ஏற்பாடு சுலபமானது. மண்ணுக்கு மேலே இருக்கும் இலையெல்லாம் துள்ளானுக்கு. மண்ணுக்குக் கீழே விளையும் கிழங்கெல்லாம் முள்ளையனுக்கு. மண்ணைக் கிண்டிப் பொலபொலவென்று வைத்திருக்கும் வேலை மண்ணாத்தாவுக்கு. அதற்குக் கூலியாகத் தோட்டத்துக்கு அடியில் குடியிருக்க ஒரு வளை, முள்ளையன் தின்று மிச்சம் வைக்கும் கிழங்கு நுனி. இது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். மண்ணாத்தா கேட்கவில்லை.

மண்ணாத்தாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. காட்டு எல்லைக்கு இரண்டு முழம் வெளியே மனிதர்கள் கரிமூட்டம் போடுவார்கள். கரியை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு, சாம்பலை அப்படியே விட்டுவிடுவார்கள். அந்தச் சாம்பலை மண்ணாத்தா வளைக்குள் இழுத்து வந்து மெத்தை போடும். சாம்பல் மெத்தையில் உண்ணி அண்டாது, ஈரம் தங்காது. அமாவாசைக்கு அமாவாசை பழைய மெத்தையை வாரி வெளியே கொட்டிவிட்டுப் புதியது போடும். வெளியே என்றால் தோட்டம்தான். வாசலைத் தாண்டினால் வேறென்ன இருக்கிறது?

துள்ளானுக்கு இது பிடிக்கவில்லை. நேராக நாட்டாமையிடம் போனது.

காட்டுக்கு நாட்டாமை ஓர் உடும்பு. ஒன்றைப் பிடித்தால் விடாது என்பதற்காகத்தான் அதை நாட்டாமை ஆக்கினார்கள். தப்பான தீர்ப்பைப் பிடித்தாலும் விடாது என்பது பிறகுதான் தெரிந்தது.

“ஐயா, இலையைக் கடிச்சா நறநறங்குது. எல்லாம் இவ கொட்டுற சாம்பல். சாம்பல்னா நெருப்பு. நெருப்பு எரிஞ்ச எடத்துல நாம நிப்பமா? ஓடுவமா? அதைக் கொண்டாந்து சாப்பாட்டு மேல போடுறா” என்றது துள்ளான்.

நெருப்பு என்ற சொல்லைக் கேட்டதும் கூடியிருந்த விலங்குகள் எல்லாம் நாலடி பின்னால் போயின. வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

“இனிமே சாம்பல் தோட்டத்துல விழக் கூடாது. கண்மாயில கொண்டுபோய்க் கொட்டு. மீறினா காட்டை விட்டு வெளியேறணும். இது தீர்ப்பு” என்றது உடும்பு.

“சரிங்கய்யா” என்றது மண்ணாத்தா.

துள்ளான் அதோடு நிற்கவில்லை. தோட்டத்தின் நடுவே நின்ற ஆலமரத்துக்கு வௌவால் கூட்டத்தை வரவழைத்தது. “தங்க எடம் தர்றேன். நீங்க பண்றதைக் கீழ பண்ணுங்க, போதும்” என்றது. வௌவால்கள் அந்த ஒப்பந்தத்தை ஒரு நாளும் மீறவில்லை. எச்சம் சொத சொதவென்று விழுந்தது. கொடி கிடுகிடுவென்று படர்ந்தது. இலை ஒவ்வொன்றும் முயலின் முகத்தை மறைக்கும் அகலம்.

“இந்த வருஷம் இலை என்னமாத் தித்திக்குது தெரியுமா?” என்று துள்ளான் பார்த்தவரிடமெல்லாம் சொன்னது. பார்க்காதவரைத் தேடிப்போயும் சொன்னது. அது வருவதைக் கண்டால் மைனாக்கள் வேறு மரத்துக்கு மாறிக்கொண்டன.

முள்ளையன் இலையைத் தின்பதில்லை. ஆனால் இலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. மேலே இவ்வளவு என்றால் கீழே எவ்வளவு இருக்கும் என்று மனக்கணக்குப் போட்டது. பங்குனி வந்துவிட்டால் கண்மாய் வற்றும், காட்டில் கடிக்க ஒன்றும் இருக்காது. மழை வரும்வரை முள்ளையனும் அதன் பெண்சாதியும் அந்தக் கிழங்கை நம்பித்தான் உயிர் வாழ வேண்டும்.

மாசி மாதம் ஒரு காலையில் முள்ளையன் தோண்டியது. முதல் குழியில் வேர்தான் இருந்தது. பெருச்சாளி வால் தடிமன் கூட இல்லை. இரண்டாவது குழியிலும் வேர். பத்துக் குழி தோண்டியது. பத்திலும் வேர். முள்ளையன் அங்கேயே உட்கார்ந்து அழுதது. முள்ளம்பன்றி அழுதால் முள்ளெல்லாம் கலகலவென்று ஆடும். சத்தம் கேட்டுக் காடே கூடிவிட்டது.

“கிழங்கு எங்க போச்சு?” என்று கேட்டது உடும்பு.

“கீழ இருந்தது போச்சுன்னா கீழ இருக்கிறவதான் எடுத்திருக்கணும்” என்றது துள்ளான், வாயில் இலையோடு.

எல்லோரும் மண்ணாத்தாவைப் பார்த்தார்கள்.

“நான் எடுக்கலைங்கய்யா. அங்க கிழங்கே விளையலை. நான் எடுத்திருந்தா, கிழங்கு இருந்த எடத்துல பள்ளம் இருக்குமே” என்றது மண்ணாத்தா.

“நீ இருக்கிற எடமெல்லாம் பள்ளந்தான். அதுல எது கிழங்குப் பள்ளம், எது உன் பள்ளம்னு யார் பார்க்கிறது?” என்றது உடும்பு. “சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? இவ்வளவு இலை இருக்கே, சட்டி நிறைஞ்சுதானே கிடக்கு. அப்ப அகப்பையில வந்திருக்கணும். வரலைன்னா நடுவுல எவளோ தின்னிருக்கா. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள காட்டை விட்டுப் போயிரு. இது தீர்ப்பு.”

“அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க” என்று மண்ணாத்தா முள்ளையனைப் பார்த்தது.

முள்ளையன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. “நான் பட்டினி கிடக்கப் போறேன் ஆத்தா. எனக்கு வேற பேச்சு வரலை” என்றது.

மண்ணாத்தா வளைக்குத் திரும்பியது. உள்ளே ஒன்பது குட்டிகள் இருந்தன. பிறந்து நாலு நாள். இன்னும் கண் திறக்கவில்லை. காட்டுக்கு வெளியே பொட்டல், அதற்கு மேலே பருந்து. குட்டியை ஒவ்வொன்றாக வாயில் கவ்வித்தான் கொண்டுபோக வேண்டும். ஒன்பது தடவை போக வேண்டும், எட்டுத் தடவை வர வேண்டும். பருந்துக்கு ஒரு தடவை போதும்.

மண்ணாத்தாவுக்குப் பயத்தில் கை கால் ஓடவில்லை. அதுபோன்ற நேரத்தில் பெருச்சாளி செய்யக்கூடியது ஒன்றுதான். தோண்டியது. எங்கே போகிறோம் என்று பார்க்காமல் வளையை நீட்டிக்கொண்டே போனது. தோட்டத்தின் தெற்கு மூலைக்கு வந்தபோது தலை எதிலோ இடித்தது. கல் என்று நினைத்தது. கடித்துப் பார்த்தது. கல் இல்லை.

கிழங்கு. பூசணிப் பிஞ்சு அளவு. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னும் மூன்று.

அந்த ஒரு கடிதான் மண்ணாத்தா அந்த வருடம் திருடியது.

அது இருட்டிலேயே உட்கார்ந்து யோசித்தது. தோட்டம் முழுக்க இல்லாத கிழங்கு இங்கே மட்டும் எப்படி வந்தது? யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை, ஏனென்றால் இந்த மூலையில் அது ஒரு தப்புச் செய்திருந்தது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அடைமழை. கண்மாய்க் கரையில் வழுக்கி ஒருமுறை அது தண்ணீருக்குள்ளேயே விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு, மழை விடும்வரை, சாம்பலைக் கண்மாய்க்குக் கொண்டுபோகாமல், தெற்கு மூலையில் ஆவாரஞ்செடி மறைவில் யாருக்கும் தெரியாமல் கொட்டியது. இரண்டு அமாவாசைச் சாம்பல்.

உண்மையைச் சொன்னால் திருட்டுப் பழி போய்விடும். ஆனால் சாம்பல் குற்றம் வந்துவிடும். அதற்கும் தண்டனை காட்டை விட்டு வெளியேறுவதுதான். சொல்லாவிட்டாலும் வெளியே, சொன்னாலும் வெளியே.

‘போறதுதான் போறோம். செஞ்ச தப்புக்குப் போவோம்’ என்று நினைத்துக்கொண்டு மண்ணாத்தா குட்டிகளிடம் போய்ப் படுத்தது.

மறுநாள் காலையில் எல்லா விலங்குகளும் ஆலமரத்தடிக்கு வந்திருந்தன. ஒருத்தரை ஊரைவிட்டு அனுப்புவதென்றால் யாரும் தாமதமாக வருவதில்லை. கண்மாயிலிருந்து நாமக்கோழி கூட வந்திருந்தது. நெற்றியில் வெள்ளை நாமமும், தரையைத் தொடும் வயிறுமாக ஓரத்தில் நின்றது.

“கெளம்பிட்டியா?” என்றது உடும்பு.

“கெளம்புறேங்கய்யா. அதுக்கு முன்னால மூணு கேள்வி கேட்டுக்கிறேன்.”

“கேளு. தீர்ப்பு மாறாது.”

மண்ணாத்தா முயலிடம் திரும்பியது. “துள்ளான் தம்பி, இந்த வருஷம் இலை எப்படி?”

யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி அது. “தேன்னா தேன். வழக்கமா இலையில இவ்வளவு தித்திப்பு இருக்காது” என்றது துள்ளான்.

“எல்லா எடத்துலயுமா?”

“தெக்கு மூலை மட்டும் சப்புன்னு இருக்கு. பழைய வருஷம் மாதிரி. அங்க ரெண்டு வாய்க்கு மேல எனக்கு எறங்கலை.”

“கொடிக்கு அடியில இருக்கிற பழைய இலை எப்படி இருக்கு?”

“அதை ஏன் கேக்குற? ஓரமெல்லாம் மஞ்சளடிச்சுத் தீஞ்சுபோய்க் கிடக்கு. நெருப்புல காட்டின மாதிரி. நான் நடுவைத் தின்னுட்டு ஓரத்தைத் துப்பிருவேன். தெக்கு மூலையில மட்டும் ஓரம் பச்சையாத்தான் இருக்கு.”

இதைச் சொன்ன பிறகு துள்ளானுக்கே ஏதோ சரியில்லை என்று தோன்றியது. மெல்லுவதை நிறுத்தியது.

மண்ணாத்தா நாமக்கோழியைப் பார்த்தது. “கண்மாயில அல்லிக்கிழங்கு எப்படிங்க?”

“சுமார்” என்றது நாமக்கோழி.

எல்லோரும் அதன் வயிற்றைப் பார்த்தார்கள். நாமக்கோழி வயிற்றை உள்ளே இழுக்கப் பார்த்தது. முடியவில்லை.

“போன வருஷம் என் கால்விரல் மொத்தம் இருந்துச்சு. இந்த வருஷம் என் தலை மொத்தம். நான் எதுவும் பண்ணலை. அதுவா பெருத்துச்சு” என்றது.

“மூணு கேள்விக்கு மேல ஆயிருச்சு. இப்ப என்னங்கிற?” என்றது உடும்பு.

மண்ணாத்தா நடுவில் வந்து நின்றது.

“ஐயா, நான் மண்ணுக்கடியிலயே பொறந்து வளர்ந்தவ. வேர் எதைக் குடிக்குது, எதுக்கு ஏங்குதுன்னு எனக்குத் தெரியும். கொடிக்கு இலைதான் சமையக்கட்டு. வெயிலை வச்சு அங்கதான் தித்திப்பைச் சமைக்குது. சமைச்சது தண்டு வழியாக் கீழ எறங்கி வேர்ல சேர்ந்தாத்தான் கிழங்கு. எறங்கலைன்னா இலையிலயே கிடக்கும். துள்ளான் தம்பி நாலு மாசமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது அதைத்தான். முள்ளையண்ணன் கிழங்கை யாரும் திருடலை. அது கீழயே வரலை.”

“ஏன் வரலை?” என்றது முள்ளையன். அன்றைக்கு அது பேசிய முதல் வார்த்தை.

“அள்ளிக்கிட்டு வர்றதுக்கு ஒண்ணு வேணும்ணே. சாம்பல்ல ஒரு சத்து இருக்கு. அது தானா இலையாகவும் ஆகாது, கிழங்காகவும் ஆகாது. கொடிக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். மேல சமைச்சதைக் கீழ எறங்க வைக்கும். உச்சி வெயில்ல இலை தன் பொடித் துளையையெல்லாம் மூடித் தண்ணியைக் காப்பாத்திக்க உதவும். அது பத்தலைன்னா, கொடி பழைய இலையில இருக்கிற கொஞ்சத்தையும் எடுத்துக் கொழுந்துக்குக் குடுத்துரும். நாம பட்டினி கெடந்து புள்ளைக்கு ஊட்டுறோமே, அப்படி. அதுதான் கீழ் இலையில ஓரம் தீயுது. ஐயா சொன்னீங்களே, சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்னு. சட்டி நெறைய இருக்குங்கய்யா. அகப்பையைத்தான் கண்மாயில போட்டுட்டோம்.”

மேலேயிருந்து ஒரு வௌவால் தன் கடமையைச் செய்தது. அது துள்ளான் மேல் விழுந்தது.

“இதுக்கெல்லாம் அத்தாட்சி?” என்றது உடும்பு.

மண்ணாத்தா கண்ணை ஒருமுறை மூடித் திறந்தது. “தெக்கு மூலையில தோண்டிப் பாருங்க. அங்க நான் ரெண்டு மாசம் சாம்பல் கொட்டினேன். உங்க பேச்சை மீறித்தான் கொட்டினேன்.”

முள்ளையன் எழுந்து ஓடியது. அது ஓடி யாரும் பார்த்ததில்லை. ஆவாரஞ்செடிக்குப் பக்கத்தில் மண் பறந்தது. கொஞ்ச நேரத்தில் பூசணிப் பிஞ்சு அளவில் ஒரு கிழங்கைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தது. அதில் ஒரு கடி இருந்தது. முள்ளையன் அந்தக் கடியைப் பார்த்தது, மண்ணாத்தாவைப் பார்த்தது, பிறகு அந்தக் கடி இருந்த பக்கத்தைத் தரைப்பக்கமாகத் திருப்பி வைத்தது.

“அங்க நிறைய இருக்கு. கோடையை ஓட்டிரலாம்” என்றது. அதன் முள் மறுபடி கலகலத்தது. இந்தத் தடவை வேறு காரணம்.

உடும்பு தொண்டையைச் செருமியது. “திருட்டு நடக்கலை. சரி. ஆனா சாம்பல் கொட்டினது நடந்திருக்கு. மீறினா வெளியேன்னு சொல்லியிருக்கேன். சொன்னது சொன்னதுதான்.”

“ஐயா” என்றது முள்ளையன். “நேத்து நான் வாயைத் தொறக்கலை. அது தப்பு. இன்னைக்குச் சொல்றேன். மண்ணாத்தா போனா நானும் போவேன். போற வழி உங்க பொந்து வழியாத்தான். எனக்குப் பின்பக்கமா நடந்துதான் பழக்கம்.”

முள்ளம்பன்றி பின்பக்கமாக வந்தால் முள்தான் முதலில் வரும். இது உடும்புக்குத் தெரியும். ஆனால் பிடித்ததை விட்டு அதற்குப் பழக்கமில்லை. ஆலமர நிழல் இரண்டு அடி நகரும்வரை உட்கார்ந்து யோசித்தது.

“கரிமூட்டம் காட்டுக்கு உள்ளயா, வெளியவா?” என்று கடைசியில் கேட்டது.

“வெளியங்கய்யா. ரெண்டு முழம்” என்றது மண்ணாத்தா.

“அப்ப சரி. தீர்ப்புப்படி நீ வெளியேறித்தான் ஆகணும். கரிமூட்டத்துக்கு வெளியேறு. எவ்வளவு நேரம் வெளியே இருக்கணும்னு நான் சொல்லலை. திரும்பி வரும்போது சாம்பலோட வா. அதைத் தோட்டம் முழுக்கக் கொட்டு. தண்டனை ஒரு தடவையோட முடியாது. ஒவ்வொரு அமாவாசைக்கும் வெளியேறணும். ஆயுசு பூரா.”

“கடுமையான தண்டனைதாங்கய்யா” என்றது மண்ணாத்தா, தலையைக் குனிந்துகொண்டு.

“நான் பிடிச்சா விடமாட்டேன்” என்றது உடும்பு. அதற்கு மிகவும் திருப்தி.

“அப்ப என் இலை? மறுபடி நறநறங்குமே” என்றது துள்ளான்.

“கண்மாய் பக்கத்துலதான இருக்கு. கழுவித் தின்னு” என்றது முள்ளையன்.

மண்ணாத்தா அன்றைக்கே ஒருமுறை வெளியேறியது. சாம்பலோடு திரும்பியது. புது மெத்தை விரித்துக் குட்டிகளைப் படுக்க வைத்தது. பத்து நாள் கழித்து அவை கண் திறந்தபோது முதலில் பார்த்தது சாம்பலைத்தான். அவை பயப்படவில்லை.

அடுத்த வருடம் வௌவால்களும் இருந்தன, சாம்பலும் இருந்தது. மேலே இலை, கீழே கிழங்கு. முள்ளையன் இப்போது மண்ணாத்தாவுக்குக் கிழங்கு நுனியைக் கொடுக்கவில்லை. நடுத்துண்டைக் கொடுத்தது. துள்ளான் இலையை அலசித் தின்றது, இலையில் முன்போல ருசி இல்லையென்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னது. மைனாக்கள் இன்னும் திரும்பி வரவில்லை. மனிதர்கள் அந்தச் சங்கதிக்குச் சாம்பல் சத்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடையில் மூட்டையாக வாங்கினால் பொட்டாஷ் என்பார்கள். பெருச்சாளிக்கு இரண்டு பெயரும் தெரியாது.

அந்த மாசியில் நாமக்கோழி உடும்பிடம் வந்தது. வயிறு சுருங்கியிருந்தது.

“ஐயா, கண்மாயில அல்லிக்கிழங்கெல்லாம் பழையபடி விரல் மொத்தந்தான் இருக்கு. யாரோ திருடுறாங்க. விசாரிக்கணும்.”

“சட்டியில இருந்தாத்தானே...” என்று ஆரம்பித்த உடும்பு, தோட்டத்தில் பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்த முள்ளையனைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டது.

சட்டி நிறைந்திருப்பதைப் பார்த்துப் பூரிக்கிறவர், தட்டில் சோறு விழவில்லையென்று யாரையும் திருடன் என்று சொல்வதற்கு முன்னால், அகப்பையைத் தூக்கி எறிந்த கை யாருடையது என்று பார்க்க வேண்டும்.